எள்ளுப்பாட்டியைத் தேடி டாஸ்மேனியா: ஒரு பயண டைரி

சனி இரவு, கப்பலில்

ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா கப்பல் ஜீலாங்லேர்ந்து கிளம்பிடுச்சு. கார் கீழ் டெக்ல, நாங்க மேல. நான், வீட்டுக்காரர், பொண்ணு, அப்புறம் இந்தப் பயணத்துக்கே காரணமான என் மாமியார். மாமியார் ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கால இருக்குற டாஸ்மேனியா தீவுல பொறந்து மெல்போர்ன்ல வளர்ந்தவங்க, எழுபது தாண்டியாச்சு, ஆனா இன்னைக்கு எங்க எல்லாரையும் விட முன்னாடி ரெடியாகி பையோட வாசல்ல நின்னாங்க.

விஷயம் இதுதான். மாமியாரோட அம்மா கடைசி வரைக்கும் "நம்ம ஆளுங்க சொந்தக் காசுல கப்பல் ஏறி வந்து நிலம் வாங்கினவங்க"ன்னே சொல்லிட்டு இருந்தாங்களாம். அவங்க போனப்புறம் ஒரு ட்ரங்குப் பெட்டியில பழைய கல்யாணச் சான்றிதழோட நகல் கெடைச்சுது, அதுல இருந்த பேரை டாஸ்மேனியா நூலகத்தோட இணைய அட்டவணையில போட்டா அந்தப் பொண்ணு 1841ல ராஜா-ங்கற கப்பல்ல வந்த கைதி. மாமியாருக்கு எள்ளுப்பாட்டி முறை. லண்டன்ல திருட்டுக் கேஸ், ஏழு வருஷம் நாடு கடத்தல். பேரை இங்க போடல, குடும்பத்துல எல்லாரும் இன்னும் ஒத்துக்கல, குறிப்பா மாமியாரோட அக்கா "செத்தவங்களைத் தோண்டாதே"ன்னு சொல்லிட்டாங்க. அதனால எள்ளுப்பாட்டின்னே எழுதுறேன்.

பின்னணி தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடுறேன். இங்கிலாந்து ரொம்ப காலமா கைதிகளை அமெரிக்காவுக்குத்தான் அனுப்பிட்டு இருந்துச்சு. அமெரிக்கா விடுதலைப் போர்ல இறங்கினதும் அந்த வழி அடைபட்டுப் போச்சு, ஜெயில் எல்லாம் நிரம்பி வழிஞ்சு, தேம்ஸ் ஆத்துல பழைய கப்பல்களை நிறுத்தி அதுக்குள்ள ஆட்களை அடைச்சாங்க. அதுவும் பத்தாம 1787 மே மாசம் போர்ட்ஸ்மவுத்லேர்ந்து 11 கப்பல்ல முதல் கூட்டத்தை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாங்க. 1788லேர்ந்து 1868 வரைக்கும், எண்பது வருஷத்துல, கிட்டத்தட்ட 1,62,000 பேர். அதுல பொம்பளைங்க சுமார் 25,000. அதுல பாதிக்குக் கிட்ட டாஸ்மேனியாவுக்கு, அப்போ அதுக்குப் பேரு வான் டீமன்ஸ் லேண்ட்.

நாங்க காலையில டெவன்போர்ட்ல இறங்கிடுவோம். ராஜா கப்பல் 1841 ஏப்ரல் 5ஆம் தேதி வுல்விச்லேர்ந்து கிளம்பி ஜூலை 19ஆம் தேதி ஹோபார்ட் சேர்ந்துச்சு. 105 நாள். பொண்ணு கேபின் படுக்கையில உருண்டுட்டு "அம்மா, அவங்களுக்கு ஜன்னல் இருந்துச்சா"ன்னு கேட்டா. கீழ்த்தளத்துல அடைச்சு வெச்சிருப்பாங்க, காத்து வர்றதுக்கு வழி திறப்பாங்க, அலை பெருசா அடிச்சா அதையும் மூடிடுவாங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் அவ பேசல.

ஞாயிறு, கேம்ப்பெல் டவுன், ராஸ்

டெவன்போர்ட்லேர்ந்து தெற்கால மிட்லண்ட்ஸ் வழியா வர்றோம். மஞ்சளா காய்ஞ்ச புல்வெளி, செம்மறி ஆடுங்க, கல் வீடுங்க, பாக்க இங்கிலாந்து மாதிரியே இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா இந்த வெளியிலதான் 1820கள்லயும் அதுக்கு அப்புறமும் இங்க காலங்காலமா வாழ்ந்த பழங்குடி மக்களுக்கும் வந்து குடியேறினவங்களுக்கும் சண்டை நடந்துச்சு, கறுப்புப் போர்னு சொல்றாங்க. மிச்சம் இருந்தவங்களை ஃப்ளிண்டர்ஸ் தீவுக்குக் கொண்டு போய் வெச்சாங்க, அங்க பாதிக்கு மேல செத்துப் போனாங்க. கைதிகளோட கஷ்டத்தை எழுதும்போது இதை எழுதாம விடக்கூடாது. கைதிங்க உழுத நிலம் வேற ஒருத்தர்கிட்டேர்ந்து பிடுங்கின நிலம்.

கேம்ப்பெல் டவுன்ல மெயின் ரோட்டு நடைபாதை ஓரமா செங்கல் வரிசை பதிச்சிருக்காங்க. ஒவ்வொரு செங்கல்லயும் ஒரு கைதியோட பேரு, வயசு, வந்த கப்பல், வருஷம், பண்ண குத்தம், தண்டனை. கைக்குட்டை திருடினது, ஆடு திருடினது, ரொட்டி, ஒரு ஜோடி பூட்ஸ். ஏழு வருஷம், ஏழு வருஷம், பதினாலு வருஷம், ஆயுள். குனிஞ்சு குனிஞ்சு படிச்சுட்டே போனோம், மாமியார் ஒவ்வொரு பேரையும் சத்தமா வாசிச்சாங்க, தெரிஞ்சவங்களைக் கூப்பிடுற மாதிரி. எள்ளுப்பாட்டி பேரு எங்க கண்ணுக்குப் படல.

ராஸ் ஊர்ல பாலத்தைப் பாக்க நின்னோம். 1836ல கைதிங்க கட்டின கல் பாலம். வளைவு ஒவ்வொண்ணுலயும் மனுஷ முகம், மிருகம், இலை, கொடி, மொத்தம் 186 சிற்பம். டேனியல் ஹெர்பர்ட், ஜேம்ஸ் கோல்பெக்னு ரெண்டு கல்தச்சர்கள், ரெண்டு பேருமே கைதிங்க, இந்த வேலைக்காகவே அவங்களுக்கு மன்னிப்புக் கெடைச்சுது. ஆத்துக்குப் பக்கத்துல எறங்கிப் போய் கிட்டக்கப் பாத்தா ஒவ்வொரு முகமும் வேற வேற. யாரு அடிமையா வெச்சிருந்தாலும் கையில உளி இருக்குறவன் தனக்குத் தோணினதைச் செதுக்கியே தீருவான்னு நெனைச்சுக்கிட்டேன்.

சாயங்காலம் மிட்லண்ட்ஸ்ல ஒரு சின்ன சர்ச் கல்லறைக்குப் போனோம், ஊர் பேரு வேண்டாம். மாமியாரோட கொள்ளுத்தாத்தா, அதாவது எள்ளுப்பாட்டியோட மகன், அங்க இருக்கார். கல்லுல 1911ல இறந்தார், வயசு 68ன்னு இருக்கு. இதுதான் குடும்பத்துல ரொம்ப நாளா இருக்குற குழப்பம். எள்ளுப்பாட்டிக்குக் கல்யாணம் ஆனது 1847ல, செருப்புத் தைக்கிற ஒருத்தரோட. கல்லுல இருக்குற வயசுப்படி பாத்தா பையன் பொறந்தது 1843. நாலு வருஷம் இடிக்குது. கல்லு வெட்டினவன் தப்பா வெட்டிட்டான்னுதான் மாமியாரோட அம்மா சொல்லுவாங்களாம்.

திங்கள், ஹோபார்ட், ஆவணக் காப்பகம்

மரே தெருவுல இருக்குற ஸ்டேட் லைப்ரரி அண்ட் ஆர்கைவ்ஸ்ல முழு நாள். முக்கியமான ஏடுகள் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி இணையத்துல இலவசமாவே போட்டிருக்காங்க, வீட்டுலேர்ந்தே பாத்திருக்கலாம், ஆனா மாமியாருக்கு அந்தக் கட்டடத்துல உக்காந்து பாக்கணும். ஆஸ்திரேலியாவோட கைதி ஆவணங்களை யுனெஸ்கோ 2007ல உலக நினைவுப் பதிவேட்டுல சேத்துச்சு. சேக்க வேண்டியதுதான். சாதாரண ஏழைங்களைப் பத்தி இவ்வளவு நுணுக்கமா எழுதி வெச்ச ஏடு உலகத்துல வேற எங்கயும் இருக்குமான்னு தெரியல. உயரம், தலைமுடி நிறம், கண் நிறம், மூக்கு, மோவாய், மச்சம், தழும்பு, பச்சைக் குத்து, படிக்கத் தெரியுமா, எழுதத் தெரியுமா, என்ன வேலை தெரியும், எல்லாம். தப்பிச்சுப் போனா பிடிக்கிறதுக்காக எழுதினது. அதே எழுத்துலதான் இன்னைக்கு நாங்க அவங்க முகத்தைப் பாக்குறோம்.

எள்ளுப்பாட்டி நாலடி பதினொரு அங்குலம். வயசு 22. முகத்துல புள்ளிங்க, பழுப்பு முடி, சாம்பல் கண்ணு, இடது கையில தீக்காயத் தழும்பு. வீட்டு வேலை தெரியும். படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. மாமியாரோட கண்ணும் சாம்பல்தான். அவங்க அந்த வரியைப் படிச்சுட்டு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் படிச்சாங்க.

லண்டன் பக்கத்துக் கதையும் கெடைச்சுது. ஓல்ட் பெய்லி கோர்ட்டோட விசாரணைக் குறிப்புகள் 1674லேர்ந்து 1913 வரைக்கும் இணையத்துல இருக்கு. இவங்க கேஸ் சில வரிதான். வேலை பாத்த வீட்டு எஜமானி வந்து ஒரு கவுனும் ரெண்டு விரிப்பும் காணோம்னு சொல்றாங்க, அடகுக் கடைக்காரர் வந்து இதை இந்தப் பொண்ணுதான் என்கிட்ட வெச்சதுன்னு துணியை எடுத்துக் காட்டுறார், போலீஸ்காரர் பிடிச்சேன்னு சொல்றார், முடிஞ்சுது. மூணு சாட்சி, ஒரு மூச்சுல ஏழு வருஷம். எதுக்கு அடகு வெச்சாங்கன்னு யாரும் கேக்கல, கேட்டிருந்தாலும் யாரும் எழுதி வைக்கல. கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி மில்பேங்க் ஜெயில்ல வெச்சிருந்தாங்க. தேம்ஸ் கரையில இப்போ டேட் பிரிட்டன் ஓவியக் கூடம் இருக்குற அதே இடம்.

அப்புறம் நடத்தை ஏடு. ஒரு ஆளுக்கு ஒரு பகுதி, ஹோபார்ட்ல இறங்கின நாள்லேர்ந்து விடுதலை வரைக்கும் பண்ண ஒவ்வொரு தப்பும் பொடிப் பொடி எழுத்துல. எள்ளுப்பாட்டிக்கு நெறைய இருக்கு. எஜமானியை எதிர்த்துப் பேசினது. அனுமதி இல்லாம வெளிய போனது. மறுபடி அனுமதி இல்லாம வெளிய போனது. ராத்திரி முழுக்க வரல. தனிக் கொட்டடி, ரொட்டியும் தண்ணியும். துணி துவைக்கிற தொட்டியில வேலை. மாமியார் படிக்கப் படிக்க முகம் வாடிப் போச்சு. "அக்கா சொன்னது சரிதானோ"ன்னு மெதுவா சொன்னாங்க.

அதுக்கு நடுவுல 1843ல ஒரு வரி. பிரசவத்துக்காகத் திருப்பி ஃபேக்டரிக்கு அனுப்பப்பட்டாள்.

வீட்டுக்காரர் உடனே நிமிர்ந்து பாத்தார். 1843. கல்லறைக் கல்லு சொன்ன வருஷம்.

செவ்வாய், காஸ்கேட்ஸ்

ஃபேக்டரின்னா பொம்பளைக் கைதிங்களை வெச்சிருந்த இடம், ஃபீமேல் ஃபேக்டரி. ஹோபார்ட்ல காஸ்கேட்ஸ் பக்கத்துல ஒரு பழைய சாராய ஆலையை வாங்கி 1828ல ஆரம்பிச்சாங்க. இப்போ உலகப் பாரம்பரிய இடம், 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்த 11 ஆஸ்திரேலியக் கைதித் தலங்கள்ல ஒண்ணு. கட்டடம் பெரும்பாலும் இல்ல, உயரமான கல் சுவரும், தரையில அறைங்க இருந்த கோடும்தான். மலையோட அடிவாரம், பக்கத்துலயே ஓடை, மதியத்துக்கு அப்புறம் வெயிலே எட்டிப் பாக்காது. உள்ள நுழைஞ்சதும் ஈரக் குளிர் எலும்புல ஏறுது. நாங்க ஸ்வெட்டர் போட்டு நிக்கிறோம், அவங்க இங்க தொட்டி முன்னாடி நின்னு ஊருக்கே துணி துவைச்சாங்க.

வேலை எப்படி நடந்துச்சுன்னா, கப்பல்லேர்ந்து இறங்கினவங்களைக் குடியேறினவங்க வீட்டுக்கு வேலைக்காரியா கொடுத்துடுவாங்க. சம்பளம் கிடையாது, சாப்பாடும் துணியும்தான். எஜமானுக்குப் பிடிக்கலன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தித் திருப்பி இங்க அனுப்பலாம். இங்க மூணு வகுப்பு, அதுல தண்டனை வகுப்புல இருக்குறவங்க உடுப்புல மஞ்சள்ல சி-ங்கற எழுத்து தெச்சிருக்கும். முடியை வெட்டுறதும் ஒரு காலத்துல தண்டனை, பொம்பளைங்க அதுக்கு ரொம்பவே எதிர்ப்புக் காட்டினாங்க.

வேலைக்குப் போன வீட்டுல கர்ப்பம் ஆனா, யாரு காரணம்னு கேள்வி கிடையாது, பொண்ணைத் திருப்பி இங்க அனுப்பிடுவாங்க. குழந்தை பொறந்து கொஞ்ச மாசம் பால் கொடுக்கலாம். பால் மறக்க வெச்சதும் குழந்தையை நர்சரியில விட்டுட்டு தாய் தண்டனை வகுப்புக்குப் போகணும், குழந்தை பெத்ததுக்கு. அப்புறம் மறுபடி வேற வீட்டுக்கு வேலைக்கு. நர்சரியில குழந்தைங்க கொத்துக் கொத்தா செத்துச்சு. 1838ல ஊருக்குள்ள பேச்சு பெருசாகி நர்சரியை லிவர்பூல் தெருவுக்கு மாத்தினாங்க, ஆனா சாவு நிக்கல.

என் பொண்ணு பொறந்தப்போ என் அம்மா ஊர்லேர்ந்து வந்து ஆறு மாசம் கூட இருந்தாங்க. காயம் அரைச்சுக் கொடுத்து, வெந்நி வெச்சு, குழந்தையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டி, என்னை எழுந்திரிக்கவே விடல. இந்த முற்றத்துல நின்னு அதைத்தான் நெனைச்சேன். 24 வயசு, சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், கூட யாருமே இல்ல. இதைப் பண்ணினது ஒரு அரசாங்கம், ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்கிறோம்னு பண்ணிச்சு. எனக்குக் கோவம் இன்னும் அடங்கல.

கப்பல் பத்தி ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். ராஜா கப்பல்ல 180 பொம்பளைக் கைதிங்க. ஜெயில்ல இருக்குற பொம்பளைங்களுக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை ஆரம்பிச்ச பெண்கள் சங்கம் ஒவ்வொருத்தருக்கும் ஊசி, நூல், ஒட்டுத் துணிங்க கொண்ட பை கொடுத்துச்சு. வழி முழுக்க அவங்க சேந்து ஒரு பெரிய ஒட்டுத்துணிப் போர்வை தெச்சாங்க, 2,815 துண்டு, நடுவுல பூவும் பறவையும். ஹோபார்ட் வந்ததும் கவர்னர் மனைவி ஜேன் ஃப்ராங்ளின்கிட்ட கொடுத்தாங்க. அப்புறம் அது எங்கயோ போய், ஸ்காட்லாந்துல ஒரு வீட்டுப் பரண்ல கெடைச்சு, 1989ல ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பி இப்போ கான்பெரா தேசிய ஓவியக் கூடத்துல இருக்கு. சில துண்டுல தையல் ரொம்ப நேர்த்தி, சிலதுல கோணல் மாணல், ரத்தக் கறை கூட இருக்குன்னு சொல்றாங்க. படத்தை மொபைல்ல பெருசு பண்ணிப் பண்ணி மாமியார் பாத்துட்டே இருந்தாங்க. அதுல எந்தத் தையலோ எள்ளுப்பாட்டியோடது.

சாயங்காலம் துறைமுகத்துல 2017ல வெச்ச வெண்கலச் சிலைங்களைப் பாத்தோம். கப்பல்லேர்ந்து இறங்குற மூணு பொம்பளைங்க, ஒரு குழந்தை. ரோவன் கில்லெஸ்பிங்கற ஐரிஷ் சிற்பி பண்ணது. மெலிஞ்ச உடம்பு, வெறுங்கால், முகத்துல பயம். சுத்துலாப் பயணிங்க பக்கத்துல ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு நடந்து போறாங்க. பொண்ணு போய் அந்தக் குழந்தைச் சிலை பக்கத்துல நின்னுக்கிட்டா, ஃபோட்டோ வேண்டாம்னுட்டா.

புதன், போர்ட் ஆர்தர்

செருப்புத் தைக்கிறவர்னு சொன்னேனே, எள்ளுப்பாட்டி கட்டிக்கிட்டவர், அவரும் லண்டன் கைதிதான். 13 வயசுல, 1837ல வந்தார். அவரை வெச்சிருந்தது போர்ட் ஆர்தருக்கு எதிர்ல இருக்குற பாயிண்ட் ப்யூர்ல. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துலயே சின்னப் பசங்களுக்குன்னு தனியா கட்டின முதல் ஜெயில். 1834லேர்ந்து 1849 வரைக்கும் கிட்டத்தட்ட 3,000 பையன்கள். ஒம்பது வயசுப் பையன் கூட இருந்திருக்கான்.

போர்ட் ஆர்தர் பத்தி நெறைய பேரு எழுதியாச்சு, நான் சுருக்கமா சொல்றேன். 1830ல மரம் வெட்டுற முகாமா ஆரம்பிச்சு 1877ல மூடினாங்க. வர்ற வழியில ஈகிள்ஹாக் நெக்னு ஒரு ஒடுங்கின நிலம், அங்க வரிசையா நாய்ங்களைக் கட்டி வெச்சிருந்தாங்க, யாரும் தப்பிக்க முடியாம. பெரிய சிறைக் கட்டடம் முதல்ல மாவு மில்லா கட்டினது. இன்னொண்ணு தனிமைச் சிறை, அங்க அடிக்க மாட்டாங்க, அதுக்குப் பதிலா பேசவே விட மாட்டாங்க, ஒரு நாளைக்கு 23 மணி நேரம் தனி அறை, வெளிய வந்தா முகமூடி. அங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல என்னால நிக்க முடியல. 1996 ஏப்ரல் 28ஆம் தேதி இதே வளாகத்துல ஒருத்தன் துப்பாக்கியோட வந்து 35 பேரைக் கொன்னான், அந்த நினைவுத் தோட்டத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தோம். அதுக்கப்புறம்தான் இந்த நாட்டுல துப்பாக்கிச் சட்டம் இறுகினது.

படகுல போனா கைதிகளைப் புதைச்ச தீவையும், அதைத் தாண்டி பாயிண்ட் ப்யூரையும் பாக்கலாம். காத்து வெட்டுற மொட்டைப் பாறை முனை. அங்க பசங்களுக்குப் படிப்பு, பைபிள், தொழில் எல்லாம் உண்டு: தச்சு, கல் வேலை, படகு கட்டுறது, செருப்புத் தைக்கிறது. தப்புப் பண்ணினா கசையடியும் உண்டு, இருட்டுக் கொட்டடியும் உண்டு. இவர் செருப்புத் தைக்கக் கத்துக்கிட்டார், விடுதலை ஆனப்புறம் அதை வெச்சுத்தான் சோறு. என் வீட்டுக்காரர் படகு ஓரத்துல நின்னு அந்த முனையையே பாத்துட்டு இருந்தார். அவரோட ரத்தம்னு நெனைச்சுதான் பாத்தார்.

எனக்கு அங்க எங்க ஊர் ஞாபகம் வந்துச்சு. நான் சிவகங்கைப் பக்கம். மருது சகோதரர்களைத் தூக்குல போட்டப்புறம், சின்ன மருது மகன் துரைச்சாமியையும் அவங்க பக்கம் நின்ன இன்னும் பல பேரையும் 1802ல தூத்துக்குடியில கப்பல் ஏத்தி பினாங்குக்கு நாடு கடத்தினாங்க. துரைச்சாமி அப்போ சின்னப் பையன். எங்க ஊர்ல அதைச் சொல்லும்போது இன்னைக்கும் பெருமையா சொல்லுவாங்க, யாரும் ஒளிச்சு வெக்கல, ஏன்னா அவங்க நின்னது நாட்டுக்காக. இங்க ஒரு கவுனை அடகு வெச்ச பொண்ணை அவங்க சொந்தப் பேத்தி பேரனுங்களே நூறு வருஷத்துக்கு மேல மறைச்சு வெச்சுட்டாங்க. 1853ல டாஸ்மேனியாவுக்குக் கைதி அனுப்புறது நின்னுச்சு, 1856ல தீவோட பேரையே மாத்திட்டாங்க, பழைய பேருல அவ்வளவு அவமானம். ரெண்டு பக்கமும் அனுப்பினது வெள்ளைக்காரங்கதான், கப்பல் ஏத்தித்தான்.

வியாழன், நியூ டவுன்

இன்னைக்கு நடந்ததை எழுதத்தான் ராத்திரி ஒரு மணிக்கு உக்காந்திருக்கேன்.

காலையில மறுபடி ஆவணக் காப்பகம். 1843ல பொறந்த குழந்தை என்ன ஆச்சு? நர்சரியில செத்திருக்கும்னு மாமியார் மனசைத் தயார் பண்ணிட்டுதான் வந்தாங்க. இறப்புப் பதிவுல தேடினோம், டாஸ்மேனியாவுல பிறப்பு இறப்புப் பதிவு 1838 கடைசியிலயே ஆரம்பிச்சாச்சு. இல்ல. அங்க இருந்த ஒரு ஊழியர், ரொம்பப் பொறுமையான அம்மா, அனாதைப் பள்ளி ஏட்டைப் பாத்தீங்களான்னு கேட்டாங்க. கைதிங்களோட குழந்தைங்க நர்சரியில பொழைச்சு வந்தா ரெண்டு மூணு வயசுல நியூ டவுன்ல இருந்த குவீன்ஸ் ஆர்ஃபன் ஸ்கூலுக்கு அனுப்பிடுவாங்களாம். அம்மா உயிரோட பக்கத்து ஊர்லயே இருந்தாலும் அனாதைன்னுதான் கணக்கு.

இருந்துச்சு. பையன் பேரு, மூணு வயசு, தாய் பேரு, தாய் வந்த கப்பல் ராஜா. சேத்த வருஷம் 1846. அதே வரியோட கடைசிக் கட்டத்துல, வெளிய போனது 1848. யார்கிட்ட ஒப்படைச்சது? தாயிடம்.

மாமியார் அந்தக் கட்டத்து மேல விரலை வெச்சுட்டு எடுக்கவே இல்ல. அந்தப் பேரு, கல்லறைக் கல்லுல இருக்குற முதல் பேரு. குடும்பப் பேரு மட்டும் வேற, அது அப்புறம் செருப்புத் தைக்கிறவர் கொடுத்தது. கல்லு வெட்டினவன் சரியாத்தான் வெட்டியிருக்கான். கொள்ளுத்தாத்தா காஸ்கேட்ஸ்ல பொறந்த குழந்தை.

அப்படின்னா பாருங்க. எள்ளுப்பாட்டி 1847ல, கவர்னர் அனுமதி வாங்கி, அப்போ கைதிங்களுக்குக் கல்யாணத்துக்கும் அனுமதி வேணும், கல்யாணம் பண்ணிக்கிறாங்க. 1848ல தண்டனை முடியுது. முடிஞ்ச அதே வருஷம் போய்ப் பையனை வாங்கிட்டு வர்றாங்க. அஞ்சு வயசு ஆச்சு அவனுக்கு, அம்மா முகம் தெரிஞ்சிருக்குமா? அந்த நடத்தை ஏட்டுல திங்கக்கிழமை பாத்தோமே, அனுமதி இல்லாம வெளிய போனதுன்னு, அதுல பாதிக்கு மேல 1843க்கு அப்புறம் வர்றது. மாமியார் மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்து தேதிகளை ஒரு பேப்பர்ல எழுதினாங்க. எங்க போனாங்கன்னு அந்தக் கிளார்க் எழுதல. எனக்கு சந்தேகமே இல்ல எங்க போயிருப்பாங்கன்னு, ஆனா இது என் நம்பிக்கை மட்டும்தான், ஏட்டுல இல்ல.

மதியம் நியூ டவுன் போனோம். நடுவுல செயிண்ட் ஜான்ஸ் சர்ச், 1835ல திறந்தது, ரெண்டு பக்கமும் பசங்களுக்கும் பொண்ணுங்களுக்குமா அனாதைப் பள்ளிக் கட்டடம், எல்லாம் இன்னும் நிக்குது. நேரா ஒரு நீள வழி, கடைசியில சர்ச் கோபுரம். அந்த வழியில எள்ளுப்பாட்டி நடந்து வந்திருக்காங்க, கூட செருப்புத் தைக்கிறவரும் வந்திருப்பார்னு வீட்டுக்காரர் சொன்னார். பதிமூணு வயசுல அப்பா அம்மா இல்லாம கப்பல் ஏத்தப்பட்டவர், யாரோ பெத்த பையனைத் தன் பேரு கொடுத்து வளர்த்திருக்கார். ரத்தம் இல்லன்னு தெரிஞ்சதுல வீட்டுக்காரருக்கு வருத்தமே இல்ல. நேத்தைக்கு விட இன்னைக்கு அவர் மேல மரியாதை கூடிப் போச்சுன்னார்.

பையனோட உண்மையான அப்பா யாருன்னு ஏட்டுல கட்டமே காலியாதான் இருக்கு. வேலைக்கு அனுப்பின வீட்டுல யாராவதா, அவங்க விரும்பினவரா, வேற என்னவா. மாமியார் அதைப் பத்திப் பேசல, நானும் கேக்கல.

வெள்ளி, டெவன்போர்ட் போகும் வழியில்

வழியில டீ குடிக்க நிறுத்தினப்போ மாமியார் அக்காவுக்கு ஃபோன் போட்டாங்க. ஸ்பீக்கர்ல இல்ல, ஆனா அந்தப் பக்கம் குரல் கேட்டுச்சு. முதல்ல கோவம். கைதின்னு சொல்லாதே, தகப்பன் பேரு தெரியாத பிள்ளைன்னு சொல்லாதே, அம்மா இருந்தா என்ன நெனைப்பாங்கன்னு. மாமியார் குரலை உயர்த்தாம ஒவ்வொண்ணா சொன்னாங்க. தொட்டி, நர்சரி, மூணு வயசு, அனாதைப் பள்ளி. 1848, தாயிடம் ஒப்படைக்கப்பட்டதுன்னு சொன்னப்போ அந்தப் பக்கம் சத்தம் நின்னுடுச்சு. அப்புறம் அக்கா கேட்டது ஒரே கேள்வி, அந்த வருஷம் சரியாப் பாத்தியா. பாத்தேன், ஃபோட்டோ இருக்கு, அனுப்பட்டுமான்னு கேட்டாங்க. சனிக்கிழமை வீட்டுக்கு வந்து காட்டுன்னு அக்கா சொல்லிட்டு வெச்சுட்டாங்க. ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, பேரைப் போடலாமான்னு இப்போ கேக்கவும் போறதில்ல.

உங்க வீட்டுலயும் இப்படி டாஸ்மேனியாப் பக்கத்து ஆளு யாராவது இருந்தா, லைப்ரரீஸ் டாஸ்மேனியாவோட பேரு அட்டவணையில தொடங்குங்க. கப்பல் பேரு தெரிஞ்சா போதும், பாதி வேலை முடிஞ்சுது. பொம்பளைக் கைதின்னா பெண் கைதிகள் ஆய்வு மையத்தோட தரவுத்தளமும் பாருங்க, தன்னார்வலருங்க பொடி எழுத்தை எல்லாம் படிச்சு தட்டச்சு பண்ணி வெச்சிருக்காங்க. பழைய கையெழுத்து முதல்ல கண்ணைக் கட்டும், ஒரே கிளார்க் எழுதின நாலு பக்கம் படிச்சா பழகிடும். நடத்தை ஏட்டோட நிறுத்திடாதீங்க. கல்யாண அனுமதி ஏடு, அனாதைப் பள்ளி ஏடு ரெண்டையும் கண்டிப்பா பாருங்க.

எங்களுக்கு இன்னும் வேலை இருக்கு. செருப்புத் தைக்கிறவரோட லண்டன் கேஸை ஓல்ட் பெய்லி குறிப்புகள்ல தேடணும், பதிமூணு வயசுல எதைத் திருடினார்னு பாக்கணும். எள்ளுப்பாட்டி எந்தெந்த வீட்டுல வேலை பாத்தாங்கன்னு நடத்தை ஏட்டுல ஓரமா எஜமான் பேருங்க இருக்கு, அந்த வீடுங்க நியூ டவுன்லேர்ந்து எவ்வளவு தூரம்னு பழைய மேப்புல குறிக்கணும்னு மாமியார் சொல்லிட்டாங்க. மேப்பை நான் தேடுறேன்னு ஒத்துக்கிட்டேன்.